மதுரையா, கோழிக்கோடா? கூடலூரிலிருந்து பார்க்கும்போது சேது–கோகுலம் போட்டி

கூடலூர் பேருந்து நிலையத்தில் நின்றால் இரண்டு திசைக்கும் பஸ் கிடைக்கும். நாடுகாணி வழியாகச் சுரம் இறங்கினால் நிலம்பூர், அப்புறம் கோழிக்கோடு. எதிர்ப்பக்கம் ஏறினால் ஊட்டி. அங்கிருந்து மேட்டுப்பாளையம், கோவை, திண்டுக்கல் என்று இறங்கிக்கொண்டே போனால் மதுரை. இந்திய மகளிர் லீக் கால்பந்தில் கோழிக்கோட்டின் கோகுலம் கேரளாவும் மதுரையின் சேதுவும் மோதும்போது, நடுவில் உட்கார்ந்திருக்கும் நீலகிரிக்காரர்களுக்கு இந்த வழிகளே ஒரு குழப்பமாகிவிடுகின்றன. தமிழ் பேசுகிற வீட்டில் மதுரைக்குத்தான் கை தட்ட வேண்டும் என்பது ஒரு நியாயம். பந்தலூர், எருமாடு பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கால்பந்து என்றாலே மலபார்தான் என்பது இன்னொரு நியாயம். 1877 வரை இந்தக் கூடலூர்ப் பகுதியே வயநாட்டோடுதான் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கொடைக்கானலில் இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு மலையை விட்டு இறங்கினால் மதுரைதான்.

யாரை ஆதரிப்பது என்பது அவரவர் விருப்பம். ஆனால் இந்த இரண்டு அணிகளைப் பற்றிப் பேச்சு வரும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் சில உண்டு. இது டெர்பியா? 2022இல் இரண்டு அணியும் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் வந்தபோது, கோகுலத்துக்கு மட்டும் டிரா போதும் என்று ஏன் சொன்னார்கள்? போன வருடம் மதுரைக்கு ஆடியவர் இந்த வருடம் கோழிக்கோட்டுக்கு ஆடுகிறாரே, யாருக்கும் கோபம் வராதா? மலையில் பந்து உதைக்கும் ஒரு பெண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது? எல்லாவற்றுக்கும் விடை லீக்கின் அமைப்பில் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

லீக் என்றால் என்ன, யார் யார் ஜெயித்தார்கள்

இந்திய மகளிர் லீக்கை நடத்துவது அகில இந்திய கால்பந்து சம்மேளனம். முதல் சீசன் 2016–17. அதற்கு முன்பு பெண்களுக்கு மாநில அணிகள் மோதும் தேசியப் போட்டி உண்டு, கிளப்புகளுக்கு நாடு தழுவிய லீக் கிடையாது. இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும். மாநில அணியில் பிறந்த ஊரோ வேலை பார்க்கும் ஊரோ பார்த்து எடுப்பார்கள். கிளப்பில் ஒப்பந்தம் போட்டு எடுப்பார்கள்.

2025 வரை கோப்பை வாங்கியவர்கள்:

1. 2016–17: ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன், மணிப்பூர்
2. 2017–18: ரைசிங் ஸ்டூடன்ட்ஸ் கிளப், ஒடிசா
3. 2018–19: சேது
4. 2019–20: கோகுலம் கேரளா
5. 2021–22: கோகுலம் கேரளா
6. 2022–23: கோகுலம் கேரளா
7. 2023–24: ஒடிசா எஃப்.சி.
8. 2024–25: ஈஸ்ட் பெங்கால்

நடுவில் 2020–21 இல்லை. கொரோனா அந்த சீசனைத் தின்றுவிட்டது.

பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு பக்கம் மூன்று, இன்னொரு பக்கம் ஒன்று, இதில் என்ன பெரிய போட்டி என்று தோன்றும். ஆனால் 2019 முதல் 2023 வரை நடந்த நான்கு சீசன்களிலும் கோப்பை தெற்கே இந்த இரண்டு கிளப்புகளை விட்டு வெளியே போகவில்லை. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் மணிப்பூர், ஒடிசா என்று கிழக்கிலேயே இருந்தது. அந்தத் திருப்பத்தைத் தொடங்கி வைத்தது மதுரை. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸை 3–1 என்று சேது வென்றது.

கோகுலம் என்ற பெயர் நம் பக்கத்தில் பலருக்கும் சீட்டு நிறுவனமாகத்தான் முதலில் தெரியும். அதே குழுமத்தின் கிளப்தான் இது. தலைமையகம் சென்னையில், கிளப் கோழிக்கோட்டில். 2017இல் தொடங்கிய இந்தக் கிளப்பின் ஆண்கள் அணி ஐ-லீக்கை இரண்டு முறை தொடர்ந்து வென்றிருக்கிறது. சேதுவுக்கு அப்படி ஒரு பெரிய ஆண்கள் அணி முன்னால் நிற்கவில்லை. அதன் பெயர் தெரிந்ததே பெண்கள் அணியால்தான். இந்த ஒரு விஷயத்துக்காகவே சேதுவின் மேல் தனி மரியாதை வைக்கலாம்.

டெர்பியா இது?

ஒரே ஊரில், அல்லது கூப்பிடு தூரத்தில் இருக்கும் இரண்டு அணிகளின் மோதலுக்குத்தான் டெர்பி என்று பெயர். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால்–மோகன் பகான் அப்படி. தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கிறது: பங்காளிச் சண்டை. ஒரே தெரு, ஒரே கோயில், ஒரே கிணறு. அதனால்தான் அந்தச் சண்டைக்கு அவ்வளவு சூடு.

அந்தக் கணக்கில் பார்த்தால் மதுரைக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலையே நிற்கிறது. மொழி வேறு, மாநிலம் வேறு. இரண்டு ஊர் ரசிகர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதே அபூர்வம். ஆக, வழக்கமான பொருளில் டெர்பி கிடையாது.

ஆனால் பங்காளிச் சண்டைக்கு ஊர் ஒன்றாக இருப்பதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பங்கு போட ஒரு சொத்து இருக்க வேண்டும். சேதுவுக்கும் கோகுலத்துக்கும் அது இருக்கிறது. அந்தச் சொத்து ஆட்டக்காரர்கள்தான். இந்தியாவில் லீக் தரத்துக்கு ஆடக்கூடிய பெண்கள் எத்தனையோ ஆயிரம் பேர் கிடையாது. இருக்கிற கொஞ்சம் பேரில் தமிழ்நாட்டின் பங்கு பெரியது. இரண்டு கிளப்பும் நாற்று எடுப்பது ஒரே நாற்றங்காலில்.

யார் யார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினார்கள்

நான்கு பெயர்களைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்.

1. சபித்ரா பண்டாரி. நேபாளத்தின் முன்கள ஆட்டக்காரி. 2018–19இல் சேது கோப்பை வாங்கியபோது அந்த அணியில் இருந்தார். அடுத்த சீசன் கோகுலம். 2020 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த அரையிறுதியில் சேதுவை வெளியேற்றியது கோகுலம். இறுதியில் மணிப்பூரின் கிரிப்சாவை 3–2 என்று வென்று முதல் கோப்பையை எடுத்தது. பழைய வீட்டின் சாவி கையில் இருக்கிறவரே எதிர்ப்பக்கம் போனதுபோல.

2. டங்மெய் கிரேஸ். மணிப்பூர்க்காரர், இந்திய அணியின் முக்கியமான முன்கள ஆட்டக்காரி. 2019இல் சேதுவோடு கோப்பை, 2022இல் கோகுலத்தோடு கோப்பை.

3. இந்துமதி கதிரேசன். கடலூர்க்காரர். நடுக்களம். சேதுவின் முகமாகவே அறியப்பட்டவர், பின்னர் 2022–23இல் கோகுலம்.

4. சந்தியா ரங்கநாதன். பண்ருட்டிப் பக்கம். இவரும் சேதுவிலிருந்து கோகுலத்துக்குப் போனவர்.

நான்கு பேரும் ஒரே திசையில்தான் போயிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சேது கண்டெடுத்து நிறுத்துகிறது, கோகுலம் அழைத்துக்கொள்கிறது என்ற முணுமுணுப்பு மதுரைப் பக்கம் எழுந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அது முழு உண்மையும் ஆகாது. ஆட்டக்காரிகளின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கே வேறு.

பெண்கள் லீக்கில் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு சீசனுக்குத்தான். லீக்கோ பல வருடங்கள் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் முடிந்துபோனது. மீதி மாதங்களுக்குச் சம்பளம்? அதனால்தான் பலருக்குக் கிளப்பைவிட அரசு வேலை பெரிதாகிறது. இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா ஊரடங்கின்போது இந்திய அணி ஆட்டக்காரி ஒருவர் சென்னைச் சாலையில் காவல் பணியில் நின்ற செய்தி அப்போது பலருக்கும் வியப்பாக இருந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு அது வழக்கமான வாழ்க்கை.

2023இல் சம்மேளனம் ஒரு விதி கொண்டுவந்தது. லீக்கில் ஆடும் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது 10 இந்திய ஆட்டக்காரிகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் போட வேண்டும். மாதக் கணக்கில் சுமார் 26,700 ரூபாய். இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்குகிறவர்கள், அதற்கு முன்பு குறைந்தபட்சம் என்று ஒரு எல்லையே இல்லை என்பதை யோசிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. விதி 10 பேருக்குத்தான். பதினோராவது ஆளுக்கு என்ன என்று கேட்டால் விதியில் பதில் இல்லை. ஒரு அணியில் இருபதுக்கு மேல் ஆட்டக்காரர்கள் பதிவாகிறார்கள்.

இப்படிப்பட்ட நிலையில் ஒருவர் கிளப் மாறினால் அதைத் துரோகம் என்று சொல்வதற்கில்லை. அதிலும் மாநில அணி என்று வரும்போது இவர்கள் எல்லோரும் மறுபடி ஒரே பனியனுக்குள் வந்துவிடுகிறார்கள். 2018இல் மணிப்பூரைத் தோற்கடித்துத் தமிழ்நாடு முதல்முறையாகத் தேசியப் பட்டம் வாங்கியது. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை 2–1 என்று வென்று மறுபடி வாங்கியது. மே மாதம் எதிரெதிராக ஆடியவர்கள் ஜூனில் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். இந்தப் போட்டியில் வெறுப்பு ஏறாததற்கு இதுவே பெரிய காரணம்.

2022 மே 26: அந்த ஒரு ஆட்டம்

இந்தப் போட்டிக்கு ஒரு உச்சம் உண்டு என்றால் அது புவனேஸ்வரத்தில் கலிங்கா மைதானத்தில் நடந்த இந்த ஆட்டம்தான். குழப்பமும் இதில்தான் அதிகம். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

அந்த சீசனில் 12 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒரே ஒரு முறை ஆட வேண்டும், அதாவது ஆளுக்கு 11 ஆட்டம். அரையிறுதி, இறுதி என்று எதுவும் கிடையாது. புள்ளிப் பட்டியலில் முதலில் நிற்பவருக்குக் கோப்பை. ஜெயித்தால் 3 புள்ளி, டிரா ஆனால் 1, தோற்றால் 0.

அட்டவணை எப்படியோ அமைந்தது, கடைசி நாளில் கடைசி ஆட்டம் சேதுவுக்கும் கோகுலத்துக்கும். அதுவரை இரண்டும் 10 ஆட்டம் ஆடி பத்தையும் ஜெயித்திருந்தன. இருவருக்கும் 30 புள்ளி. இறுதி ஆட்டமே இல்லாத லீக்கில் ஒரு இறுதி ஆட்டம் தானாக அமைந்துவிட்டது.

நடக்கக்கூடியவை மூன்று:

1. கோகுலம் ஜெயித்தால் 33–30. கோப்பை கோகுலத்துக்கு.
2. சேது ஜெயித்தால் 33–30. கோப்பை சேதுவுக்கு.
3. டிரா ஆனால் 31–31. இருவரும் நேருக்கு நேர் ஆடியதிலும் சமம். அப்போது பார்ப்பது கோல் வித்தியாசம். அதில் கோகுலம் மேலே இருந்தது. ஆகக் கோப்பை கோகுலத்துக்கு.

கோல் வித்தியாசம் என்பது அந்த சீசன் முழுக்க அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் வரும் எண். 5–0 என்று ஜெயித்தாலும் 1–0 என்று ஜெயித்தாலும் புள்ளி மூன்றுதான். ஆனால் முதலாவது இந்தக் கணக்கில் 5 சேர்க்கும், இரண்டாவது 1தான் சேர்க்கும்.

இங்கே ஒரு விமர்சனம் சொல்லத்தான் வேண்டும். அணிகளுக்கிடையே தரத்தில் பெரிய பள்ளம் இருக்கும் லீக்கில், கடைசியில் நிற்கும் அணியை வலுவான அணி பத்துக்கு மேல் கோல் போட்டுத் தோற்கடிப்பது நடக்கும். அப்படிப்பட்ட லீக்கில் கோல் வித்தியாசம் என்பது முதல் இரண்டு அணிகளில் யார் மேல் என்பதைச் சொல்வதில்லை. மெலிந்த அணியிடம் யார் இரக்கம் காட்டவில்லை என்பதைத்தான் சொல்கிறது. நான்கு கோல் போட்டபின் பெஞ்சில் இருக்கும் சின்னப் பெண்களை இறக்கிப் பழக்கிய அணி, கடைசி நாளில் அதற்கு விலை கொடுக்கலாம். விதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் அநியாயம் என்று சொல்ல முடியாது. நல்ல அளவுகோல் என்றும் சொல்ல முடியாது.

ஆட்டத்துக்கு வருவோம். ஜெயித்தே தீர வேண்டிய சேது தொடக்கத்திலேயே ரேணு ராணி மூலம் கோல் போட்டு முன்னால் போனது. கோகுலத்துக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, ஆசெம் ரோஜா தேவி அதைக் கோலாக்கினார். அந்த நொடியே பட்டியல் கோகுலத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. 1–1 என்ற எண் பார்க்கச் சமம், ஆனால் சேதுவுக்கு அது தோல்வி. மறுபடி ஏறி அடிக்க வேண்டும். ஏறினால் பின்னால் இடம் திறக்கும். கானாவைச் சேர்ந்த எல்ஷடாய் அச்சியாம்போங்கும் மனிஷா கல்யாணும் இடைவேளைக்குள் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். 3–1. இரண்டாம் பாதியில் எண் மாறவில்லை. மனிஷா அதே ஆண்டு சைப்ரஸின் அப்பல்லோன் அணிக்குப் போய், ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியரானார்.

ஆக, டிரா போதும் என்ற அந்தச் சலுகையை கோகுலம் கடைசியில் பயன்படுத்தவே வேண்டியிருக்கவில்லை.

ஜெயித்தவருக்கு என்ன கிடைத்தது

இந்தியச் சாம்பியனுக்கு ஆசிய அளவிலான மகளிர் கிளப் போட்டிக்குப் போகும் வாய்ப்பு உண்டு. இதில் இரண்டு அணியின் அதிர்ஷ்டமும் வேடிக்கையானது.

சேது கோப்பை வாங்கிய 2019இல் ஆசியக் கூட்டமைப்பு மகளிர் கிளப் போட்டியை முதன்முதலாகச் சோதனையாக நடத்தியது. ஜப்பான், தென் கொரியா, சீனா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாட்டுக் கிளப்புகள் மட்டும். இந்தியாவுக்கு இடம் இல்லை. அடுத்த சாம்பியனான கோகுலம் 2021 நவம்பரில் ஜோர்டானின் அகாபாவுக்குப் போனது. அம்மான் அணியிடம் 1–2, ஈரானின் ஷஹர்தாரி சிர்ஜானிடம் 0–1, பின்னர் உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கோரை 3–1 என்று வென்றது. ஆசியப் போட்டியில் ஓர் இந்திய மகளிர் கிளப்பின் முதல் வெற்றி அது.

சரி, 2022 மே 26இல் சேதுவை வென்று சம்பாதித்த ஆசிய இடம் என்ன ஆனது? ஆகஸ்ட் நடுவில் கோகுலம் அணி தாஷ்கண்ட் போய் இறங்கிவிட்டது. அதே சமயத்தில் சம்மேளன நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. இடைநீக்கக் காலத்தில் இந்தியக் கிளப் எதுவும் சர்வதேசப் போட்டியில் ஆட முடியாது. ஆகஸ்ட் 26இல் தடை விலகியது. அதற்குள் வாய்ப்பு போய்விட்டது. அணி ஒரு பந்துகூட உதைக்காமல் திரும்பியது. இதில் அந்தப் பெண்கள் செய்த தவறு என்று சுண்டு விரல் அளவுகூட எதுவும் இல்லை.

ஊரில் ஆடாத ஊர் அணிகள்

மேலே வந்த ஊர்ப் பெயர்களை மறுபடி பாருங்கள்: லூதியானா, பெங்களூர், புவனேஸ்வரம். 2023இல் அகமதாபாத். மதுரையும் இல்லை, கோழிக்கோடும் இல்லை. 2023 வரை லீக்கின் முக்கியக் கட்டம் முழுவதும் ஏதாவது ஒரே நகரத்தில் எல்லா அணிகளையும் கூட்டி வைத்து நடந்தது. செலவு குறைவு, ஏற்பாடு சுலபம். ஆனால் மதுரை அணியை மதுரைக்காரர் பார்க்கவில்லை. டிக்கெட் விற்கவில்லை, பனியன் விற்கவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலியில் தொங்கிக்கொண்டு பார்க்கவில்லை. ரசிகர் கூட்டம் இல்லாமல் ஆட்டக்காரர்களுக்குள் மட்டுமே இருந்த போட்டி என்று இதைச் சொல்வது அதனால்தான்.

2023 டிசம்பரில் தொடங்கிய சீசனிலும் அதற்கு அடுத்ததிலும் முறை வேறாக இருந்தது. சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று. முதலில் 7 அணிகள், ஆளுக்கு 12 ஆட்டம். அடுத்த சீசனில் 8 அணிகள், ஆளுக்கு 14 ஆட்டம். ஒரே ஜோடி சீசனுக்கு இரண்டு முறை மோதியது. பழகப் பழகத்தான் பகை வளரும், உறவும் வளரும்.

ஆனால் இந்த முறை வந்த அதே நேரத்தில் கோப்பை இரண்டு பேர் கையையும் விட்டுப் போய்விட்டது. 2024இல் ஒடிசா எஃப்.சி., 2025இல் ஈஸ்ட் பெங்கால். இரண்டு முறையும் கோகுலம் இரண்டாமிடம். ஈஸ்ட் பெங்காலுக்குக் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் ஆண்டனி ஆண்ட்ரூஸ், அதற்கு முன்பு கோகுலத்துக்கு வாங்கித் தந்தவர். 2022இல் சேதுவுக்கு எதிராக கோல் அடித்த அச்சியாம்போங்கும் ஈஸ்ட் பெங்காலில் இருந்தார். சேதுவிலிருந்து கோகுலத்துக்குப் போன பாதை இப்போது கோகுலத்திலிருந்து கொல்கத்தா வரை நீண்டிருக்கிறது. பெரிய ஆண்கள் கிளப்புகள் பெண்கள் அணிக்குப் பணம் போடத் தொடங்கினால் இது நடக்கும். கோகுலத்துக்கு இப்போதுதான் மதுரையின் வலி புரிந்திருக்கும்.

மலைக்கு இதில் என்ன

முதலில் ஒரு நம்பிக்கையைச் சரி செய்துவிடலாம். மலையில் வளர்ந்த பிள்ளைக்கு நுரையீரல் பெரிது, கீழே இறங்கினால் பறப்பாள் என்று சொல்வார்கள். பாதி சரி.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். சில வாரங்கள் அங்கேயே இருந்தால் உடல் சிவப்பணுக்களைக் கூட்டிச் சமாளித்துக்கொள்கிறது. கீழே இறங்கியபின் அந்தக் கூடுதல் சில வாரங்களில் குறைந்துவிடும். ஆகக் கோழிக்கோட்டில் தங்கி மூன்று மாதம் லீக் ஆடும் பெண்ணுக்கு மலையின் பலன் முதல் சில ஆட்டங்களோடு சரி. கூடலூர் சுமார் 1,000 மீட்டர்தான், அங்கே இந்தப் பேச்சுக்கு அவ்வளவு வலுவும் இல்லை. மாறாக, கடற்கரையின் வெயிலும் புழுக்கமும் மலைப் பிள்ளையைத்தான் முதலில் சாய்க்கும். இன்னொன்று, அடர்த்தி குறைந்த காற்றில் பந்து கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் நீளமாகப் போகும். ஊட்டியில் அளந்து பழகிய நீளப் பாஸ் கீழே குட்டையாக விழும். கோல்கீப்பருக்கு இது பெரிய விஷயம்.

உண்மையான தடைகள் வேறு. பெரியது எதுவென்று கேட்டால் நாட்காட்டி.

1. மழை. தேவாலா, பந்தலூர் பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மைதானம் என்பது சேற்று வயல். பள்ளி தொடங்கி அணி சேர்க்கும் மாதங்களும் அவைதான்.

2. பரீட்சை. லீக் இப்போது குளிர்காலத்தில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை போகிறது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வும் அதே மாதங்களில். பதினேழு வயதில் ஒரு கிளப்பிலிருந்து அழைப்பு வந்தால், வீட்டில் நடக்கும் பேச்சு எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

3. இறங்கியே ஆக வேண்டும் என்பது. குடியரசு தின விளையாட்டு, பாரதியார் தின விளையாட்டு, முதலமைச்சர் கோப்பை என்று மாவட்ட அளவு வரை மலையிலேயே ஆடலாம். அதற்கு மேல் விளையாட்டு விடுதி, கல்லூரி, கிளப் எல்லாம் சமவெளியில். செலக்ஷன் காலை ஏழு மணிக்கு என்றால் முந்தின நாளே பஸ் ஏற வேண்டும், கூட ஒருவர் வர வேண்டும். எஸ்டேட்டில் தினக்கூலி வாங்கும் அம்மாவுக்கு அது இரண்டு நாள் சம்பளம்.

இதற்கெல்லாம் எதிரே தராசில் நிற்பது என்ன? கிளப் ஒப்பந்தத்தைவிட, மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 சதவீத ஒதுக்கீட்டைத்தான் பெற்றோர் கேட்பார்கள். அதற்குக் கிளப் பெயரைவிட மாநில அணிச் சான்றிதழ் உதவும். மாநில அணிக்குள் போக, லீக் அணியில் ஆடியிருப்பது உதவும். வட்டம் அப்படித்தான் சுற்றுகிறது. அந்த வட்டத்துக்குள் நுழைய மதுரை ஒரு வாசல், கோழிக்கோடு இன்னொரு வாசல். கூடலூர்ப் பெண்ணுக்கு இரண்டாவது கிட்டத்தில் இருக்கிறது, மலையாளமும் பாதி தெரியும். ஆனால் தமிழ்நாடு அணிக்கு ஆட வேண்டுமென்றால் பதிவும் பழக்கமும் இந்தப் பக்கம் இருப்பது நல்லது. பேருந்து நிலையத்தில் எந்தப் பஸ் என்ற கேள்வி ரசிகருக்கு விளையாட்டு, அவளுக்கு அப்படி இல்லை.

அடுத்த முறை இரண்டு அணியும் மோதும்போது, விசில் ஊதும் முன் திரையில் வரும் பதினோரு பேர் பட்டியலை இரண்டு பக்கமும் படித்துப் பாருங்கள். தமிழ்ப் பெயர் எந்தப் பக்கம் அதிகம் என்று எண்ணுங்கள். எண்ணிக்கை மதுரைப் பக்கம்தான் கூடும் என்று பந்தயம் கட்டிவிட வேண்டாம்.